‘புட் ஆஃப்’: தள்ளிப்போடுவது எதை, யாரை?

‘புட் ஆஃப்’ என்ற ஆங்கிலக் கூட்டுவினை தமிழருக்கு எளிதில் வசப்படக்கூடியது. ஏனெனில் நம்முடைய ‘தள்ளிப்போடு’ என்ற வினையும் அதே முறையில்தான் அமைந்திருக்கிறது. ‘புட்’ என்பது போடுவது அல்லது வைப்பது. ‘ஆஃப்’ என்பது ஒன்றைவிட்டு அகன்று நிற்பது. அகராதி தரும் பொருள்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்வதைவிட, இந்த வாக்கியத்தில் தள்ளப்படுவது எது என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்வதே நல்ல வழி என்பது என் உறுதியான கருத்து.

முதலில் செயப்படுபொருளைப் பாருங்கள். அது கூட்டம், திருமணம், பயணம் போன்ற நிகழ்ச்சியாகவோ செய்ய வேண்டிய வேலையாகவோ இருந்தால், தள்ளப்படுவது அதன் நாள். ‘தே புட் ஆஃப் த மீட்டிங் அன்டில் ஃப்ரைடே’ என்றால் கூட்டத்தை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள் என்று பொருள். இறந்த காலத்திலும் ‘புட்’ மாறுவதில்லை.

இந்தப் பொருளுக்கான மாற்றுச் சொற்களில்தான் அதிகக் கவனம் தேவை. ‘போஸ்ட்போன்’ என்பது லத்தீனில் ‘பின்னால் வை’ என்ற பொருளில் பிறந்த சொல். அறிவிப்புகளுக்கும் அலுவலகக் கடிதங்களுக்கும் அதுவே பொருந்தும். ‘டிஃபர்’ என்பதும் அதே தரத்தது. கட்டணம் செலுத்துவதையோ முடிவெடுப்பதையோ பின்னர் வைத்துக்கொள்ளும்போது அது வரும். ‘டிலே’ என்பது யாரும் முடிவெடுக்காமலேயே நேர்கிற தாமதத்தையும் குறிக்கும் என்பதால், மழையால் ரயில் தாமதமானால் அங்கே ‘புட் ஆஃப்’ என்று எழுதக் கூடாது. நம் நாளிதழ்கள் தேர்வு, வழக்கு, சட்டப்பேரவை எல்லாவற்றுக்கும் ‘ஒத்திவைப்பு’ என்றே எழுதுகின்றன. ஆனால் தொடங்கிய அமர்வை நிறுத்திப் பின்னர் தொடர்வதற்கு ஆங்கிலத்தில் ‘அட்ஜர்ன்’ என்ற தனிச்சொல் உண்டு. ‘கால் ஆஃப்’ என்பதோ அடியோடு ரத்து செய்வது. இதைக் குழப்பினால் விழாவே இல்லை என்று விருந்தினர் எண்ணிவிடுவார்கள்.

செயப்படுபொருள் ஆளாக இருந்தால் பொருள் வேறாகும். ‘த ஸ்மெல் புட் மீ ஆஃப்’ என்பதில் நாற்றம் என் விருப்பத்தைப் போக்கிவிட்டது. இதற்கு ‘ரிபெல்’ நெருக்கமான சொல், ஊக்கம் குன்றச் செய்வதற்கு ‘டிஸ்கரேஜ்’. ‘டோன்ட் டாக், யூ ஆர் புட்டிங் மீ ஆஃப்’ என்பதில் சிதறுவது கவனம் என்பதால் அங்கே ‘டிஸ்ட்ராக்ட்’ பொருந்தும். ‘ஹி கெப்ட் புட்டிங் மீ ஆஃப்’ என்றால் அவர் சாக்குச் சொல்லி என்னை இழுத்தடித்தார் என்று கொள்ள வேண்டும்.

இலக்கணத்தில் இரண்டு விதிகள் போதும். பிரதிப்பெயர் நடுவில்தான் வரும்: ‘புட் இட் ஆஃப்’ சரி, ‘புட் ஆஃப் இட்’ தவறு. அடுத்து ஒரு வினை வந்தால் அது ‘-இங்’ வடிவம் பெறும்: ‘புட் ஆஃப் கோயிங்’ சரி, ‘புட் ஆஃப் டு கோ’ தவறு.

விளக்கை அணைப்பதற்கு நம்மிடையே வழங்கும் ‘புட் ஆஃப் த லைட்’ பிழையன்று. எனினும் இன்று ‘டர்ன் ஆஃப்’, ‘ஸ்விட்ச் ஆஃப்’ ஆகியவையே பரவலாக வழங்குகின்றன. குறித்த நாளை முன்னுக்குக் கொண்டுவருவதற்கு இந்தியாவில் ‘ப்ரீபோன்’ என்கிறோம். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் இடம்பெற்ற அருமையான சொல் அது. ஆனால் பிற நாட்டவர் பலருக்கு அது பழக்கமில்லாதது என்பதால், அவர்களுக்கு எழுதும்போது ‘பிரிங் ஃபார்வர்ட்’ என்று எழுதுங்கள்.