ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சரியாகக் கலப்பது எப்படி: குடற்செல்லின் சவ்வு சொல்லும் அளவு

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கொடுக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் அதில் உப்பும் சர்க்கரையும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பதற்கும், தண்ணீரின் அளவு கூடவோ குறையவோ கூடாது என்பதற்கும் காரணம் குடற்செல்களின் சவ்வில் இருக்கிறது. அந்தக் காரணம் மனத்தில் பதிந்துவிட்டால் அளவு மறக்காது என்பதால், சவ்விலிருந்தே தொடங்குகிறேன்.

செல் சவ்வு என்பது ஏறத்தாழ 7 நானோமீட்டர் தடிமனே உள்ள இரட்டைக் கொழுப்பு அடுக்கு. அதிலுள்ள பாஸ்போலிப்பிடு மூலக்கூறுகளின் தலைகள் நீரை நாடும்; வால்களோ நீரை விலக்கி நடுவில் ஒடுங்கிக்கொள்ளும். நடுவே கொழுப்பு இருப்பதால் உப்பின் கூறுகளான சோடியம், குளோரைடு போன்ற அயனிகளோ குளுக்கோஸோ தாமாக அதைக் கடந்துவிட முடியாது; சவ்வில் பதிந்துள்ள புரதங்களே அவற்றுக்கு வாசல்கள். அந்த வாசல்களில் இரண்டை மட்டும் இங்கே பார்ப்போம்.

முதலாவது, குளோரைடை வெளியே விடும் சி.எஃப்.டி.ஆர். என்னும் வாசல். கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் காலராவின் நச்சை 1959இல் கொல்கத்தாவில் சம்புநாத் தே கண்டறிந்தார். அந்த நச்சு செல்லைக் கிழிப்பதில்லை. செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற மூலக்கூறை அளவுமீறிப் பெருக்கி, இந்த வாசலை மூடவிடாமல் செய்கிறது. குளோரைடு குடலுக்குள் கொட்ட, சோடியமும் அதன் பின்னே தண்ணீரும் வெளியேறுகின்றன. இதே புரதம் மரபணுப் பிழையால் பிறவியிலேயே பழுதாக இருந்தால், நுரையீரலிலும் கணையத்திலும் சளி இறுகிப்போகும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய் உண்டாகிறது.

இரண்டாவது வாசல், இரண்டு சோடியம் அயனிகளையும் ஒரு குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுப்பது. ஒன்று இல்லாமல் மற்றொன்றை அது ஏற்றுக்கொள்ளாது. காலரா நச்சு இந்த வாசலைத் தொடுவதில்லை என்பதுதான் நமக்குக் கிடைத்த பெரும் பேறு. இவ்வழியே உப்பும் சர்க்கரையும் உள்ளே சென்றால் தண்ணீர் பின்தொடரும். பேதி நிற்காவிட்டாலும் உடல் வறண்டுபோகாது. 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவி, சிரைவழி ஏற்றும் திரவம் (டிரிப்ஸ்) தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் இக்கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

இனிக் கலக்கும் முறை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பொட்டலத்தின் உறையில் எத்தனை மில்லிலிட்டருக்கு என்று எழுதியிருக்கிறது எனப் படியுங்கள்; 1 லிட்டருக்கானதும் உண்டு, 200 மில்லிலிட்டருக்கானதும் உண்டு. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை அந்த அளவுக்கு எடுத்து, பொட்டலம் முழுவதையும் கொட்டிக் கரைத்துவிடுங்கள். 1 லிட்டர் பொட்டலத்தை ஒரே டம்ளரில் கரைப்பது ஆபத்தான தவறு: அப்போது கரைசல் இரத்தத்தைவிடப் பல மடங்கு அடர்த்தியாகி, சவ்வூடுபரவலால் உடலின் தண்ணீரையே குடலுக்குள் இழுக்கும். சவ்வுக்கு எப்பக்கம் அடர்த்தி அதிகமோ அப்பக்கம்தான் தண்ணீர் போகும். இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2002இல் கரைசலின் அடர்த்தியை லிட்டருக்கு 311இலிருந்து 245 மில்லிஆஸ்மோலாக (கரைந்துள்ள துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு) குறைத்தது. பால், பழச்சாறு, குளிர்பானம் ஆகியவற்றில் கலக்கவே கூடாது. கலந்ததைக் கொதிக்கவைக்கவும் வேண்டாம். 24 மணி நேரத்துக்குப் பின் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

பொட்டலம் கிடைக்காத வேளையில், 1 லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். கரண்டியில் அள்ளியதைக் கத்தி முதுகால் வழித்து, தலைதட்டி அளக்க வேண்டும். குவியலாகப் போட்டால் கணக்குப் பிசகிவிடும். நாவில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்: கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை பேதியான பின்னும் 50 முதல் 100 மில்லிலிட்டர் வரை, சிறிது சிறிதாகக் கரண்டியால் புகட்டுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடரலாம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டதும் அது உடனே படியாமல் மடிப்பாகவே நின்றாலோ, கண்கள் குழி விழுந்தாலோ, குழந்தை துவண்டு குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் தென்பட்டாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

மிக அரிதாக, அந்த இரண்டாவது வாசலே பழுதாகப் பிறக்கும் குழந்தைகளும் உண்டு. பிறந்த சில நாட்களிலேயே, தாய்ப்பால் குடித்தாலும் ஓ.ஆர்.எஸ். குடித்தாலும் நீராகப் பேதியாகும். உணவை நிறுத்தினால் பேதியும் நிற்கும். அக்குழந்தைக்கு வேறு வாசல் வழியே செல்லும் ஃபிரக்டோஸ் சேர்ந்த உணவை மருத்துவரே முடிவுசெய்து தர வேண்டியிருக்கும் என்பதால், கரைசலைக் கூட்டிக்கொண்டே போகாமல், எதைக் கொடுத்தபோது பேதி கூடியது என்பதைக் குறித்துக்கொண்டு போய் அவரிடம் சொல்லுங்கள்.