குட்டி யானைக்குத் தார்ப்பாய்: அளவு, துணி, கட்டு

தார்ப்பாய் நடுவில் கிழிவது அபூர்வம். முதலில் ஓரத்தில் கயிறு கோக்கும் ஐலெட் வளையம் ஒன்று பிய்யும். அங்கே கயிறு தளரும். தளர்ந்த துணி வடசென்னையின் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுக் காற்றில் படபடவென அடித்துக்கொள்ளும். அந்த அடியில் பக்கத்து வளையமும் போகும். மணலி வளைவு வருவதற்குள் பாதிப் பாய் வண்டிக்குப் பின்னால் பறந்துகொண்டிருக்கும். ஆனால் பாரிமுனைக் கடைகளில் போய் நின்றால் முதல் கேள்வி "எத்தனை ஜிஎஸ்எம் வேணும்?" என்றுதான் வரும். ஜிஎஸ்எம் காட்டும் துணிக் கனம் முக்கியம்தான், ஆனால் ஓரமும் அளவும் சரியில்லாத கனமான பாயைவிட, ஓரம் உறுதியான நடுத்தரப் பாய் அதிக நாள் உழைக்கும்.

முதலில் அளவு. குட்டி யானை எனப்படும் டாடா ஏஸ் கோல்டின் சரக்குத் தொட்டி 2200 மில்லிமீட்டர் நீளம், 1490 அகலம். அதாவது ஏழே கால் அடிக்கு ஐந்தடி என்று வைத்துக்கொள்ளலாம். பக்கப் பலகை ஓரடி உயரம். பொலேரோ, தோஸ்த் வைத்திருப்பவர்கள் விளம்பரத் தாளை நம்பாமல் டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள், பாடி மாற்றிக் கட்டிய வண்டிகள் நிறைய ஓடுகின்றன.

கணக்கு இதுதான். தொட்டி அகலத்தோடு, பலகைக்கு மேல் சரக்கு நிற்கும் உயரத்தை இரு பக்கத்துக்கும் சேருங்கள். பலகையின் வெளிப்பக்கம் இறங்கிக் கட்ட பக்கத்துக்கு அரையடி முதல் முக்காலடி கூட்டுங்கள். நீளத்துக்கும் இதே கணக்கு. ஏஸில் பலகைக்கு மேல் 3 அடி சரக்கு ஏற்றுவதானால் 12க்கு 15 அடிப் பாய் ஏறக்குறையச் சரியாக இருக்கும். பலகை மட்டத்தோடு நின்றுவிடும் சரக்கென்றால் 9க்கு 6கூடப் போதும், ஆனால் பக்கத்தில் இறங்குவது அரையடிதான்.

இங்கே ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. ரெடிமேட் பாயில் எழுதியிருப்பது பெரும்பாலும் வெட்டிய அளவு. ஓரம் மடித்து ஒட்டிய பிறகு பக்கத்துக்கு இரண்டு, மூன்று அங்குலம் குறைந்துவிடும். 12 அடி என்று வாங்கியது பதினொன்றரைக்கு நிற்கும். கடையிலேயே விரித்து, மடிப்போரத்திலிருந்து மடிப்போரம் வரை அளந்து பாருங்கள்.

கனத்தையும் கடையிலேயே சோதிக்கலாம். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை. 12க்கு 9 அடி என்றால் ஏறக்குறைய 10 சதுர மீட்டர். ஆகவே 200 ஜிஎஸ்எம் பாய் 2 கிலோவும், 650 ஜிஎஸ்எம் பாய் ஆறரைக் கிலோவும் நிற்க வேண்டும். மடிப்பும் வளையமும் சேர்ந்து சற்றுக் கூடலாம், குறையக் கூடாது. "250 சார்" என்று சொல்லிக் கொடுக்கும் பாய் தராசில் ஒன்றே முக்கால் கிலோ காட்டினால், மறுபேச்சில்லாமல் அடுத்த கடைக்குப் போகலாம்.

துணியை முடிவு செய்வது சரக்கு. நம் பக்கத்தில் பிளாஸ்டிக் தார்ப்பாய் எதுவானாலும் "சில்பாலின்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் சில்பாலின் என்பது ஒரு நிறுவனம் தன் பாய்க்கு வைத்த வணிகப் பெயர், பிளாஸ்டிக் படலங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய வகை. சாதாரண நீலப் பாய் எச்டிபிஇ எனும் பிளாஸ்டிக் நாடாக்களை நெய்து மேலே பூசியது. அதற்கு ஐஎஸ் 7903 என்று இந்தியத் தரக் குறியீடு உண்டு, முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் லேசு, தண்ணீர் புகாது, ஒரே ஆள் விரித்துவிடலாம். பலவீனம், வெயிலில் காய்ந்து நொறுங்குவதும் காற்றில் அடிபடுவதும். எப்போதாவது மழைக்கு மட்டும் மூடுகிறவருக்கு இது போதும்.

தினமும் மூடி ஓடும் வண்டிக்கு பிவிசி பூசிய துணிதான். 550 முதல் 650 ஜிஎஸ்எம் வாங்கலாம். இதில் இணைப்பு சூட்டில் ஒட்டியதா, தைத்ததா என்று பாருங்கள். தைத்த இணைப்பு வண்டியின் உச்சியில் வந்தால் ஊசித் துளை வழியே ஒழுகும். ஒரு மூலையை இறுக மடித்து நகத்தால் சுரண்டினால் பூச்சு தோலாக உரிந்து வருகிறதா என்றும் பாருங்கள். உரிந்தால், ஒரு வெயில் காலம் தாங்காது.

செங்குன்றம் ஆலைகளிலிருந்து அரிசி, தவிடு ஏற்றுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பகலில் சூடேறிய மூட்டைமேல் பிவிசி பாயை இறுக மூடி இரவு நிறுத்திவைத்தால், விடியற்காலையில் பாயின் உட்புறம் வேர்த்துச் சொட்டும். மழையே பெய்யாமல் மேல் வரிசை மூட்டை நனையும். மெழுகு ஏற்றிய பருத்திக் கேன்வாஸ் மூச்சு விடும், அதனால் தானியத்துக்கு அதுவே நல்லது. விலையும் எடையும் அதிகம், நனைந்தால் தூக்க இரண்டு ஆள் வேண்டும். கேன்வாஸ் கட்டுப்படியாகாது என்றால் பிவிசிக்குக் கீழே ஒரு அடுக்கு சணல் சாக்கு விரியுங்கள். கேன்வாஸை ஒருபோதும் சோப்புத் தூள் போட்டு அலசாதீர்கள், மெழுகு போய்விடும்.

காசிமேட்டு மீன் வண்டிக்கு வெள்ளை அல்லது வெள்ளிப் பக்கம் வெளியே தெரியும்படி மூடுங்கள், கறுப்புப் பாய் ஐஸைச் சீக்கிரம் கரைக்கும். ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் படும் பாயை அன்றே நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவ வேண்டும். காரணம் துணியல்ல, வளையம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உப்புக் காற்று சும்மா விடாது. முலாம் பூசிய இரும்பு வளையம் துருப்பிடித்து ஓரத்துணியையும் அரிக்கும், அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்து உதிரும். பித்தளை வளையம் கேட்டு வாங்குங்கள், கூடுதல் காசு வீண்போகாது.

மலிவுப் பாயில் வளையங்கள் மூன்றடிக்கு ஒன்று இருக்கும். வண்டிக்கு அது ஆகாது. ஒன்றரை அடிக்கு ஒன்று, மூலைகளில் இரட்டைத் துணி வைத்துத் தட்டிய வளையம், மடிப்போரத்துக்குள் ஓடும் கயிறு, இந்த மூன்றும் இருந்தால்தான் ஓரம் நிற்கும். வாங்கிய பாயில் இல்லையென்றால் தார்ப்பாய் தைக்கும் கடையில் கூடுதல் வளையம் அடித்துத் தருவார்கள். துணி ஒற்றையாக இருக்கும் இடத்தில் மட்டும் அடிக்க விடாதீர்கள்.

அடிக்கடி மழையில் ஓடுபவர்கள் கூண்டு போடலாம். ஏஸுக்கு நான்கு வளைவுக் கம்பி, இடைவெளி இரண்டரை அடிக்குள். நடு உயரம் ஓரத்தைவிட மூன்று நான்கு அங்குலம் கூட இருக்க வேண்டும். தட்டையாகப் போட்டால் தண்ணீர் தேங்கும். ஒரு சதுர அடியில் ஓர் அங்குலம் தேங்கினாலே 2.36 கிலோ. மூன்றுக்கு நான்கு அடிப் பள்ளத்தில் இரண்டு அங்குலம் நின்றால் 56 கிலோவுக்கு மேல் தொங்கும், ஐப்பசி மழைக்கு அதெல்லாம் அரைமணி வேலை. கம்பி முனைகளில் பழைய டியூபைச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் அங்கேதான் முதல் ஓட்டை விழும். கூண்டைக் கழற்றி மாட்டும்படி சாக்கெட்டில் நிறுத்துங்கள். திறந்த பாடியை நிரந்தரமாக மூடிய பெட்டியாக மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே வரும், ஆர்டிஓவில் அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும். பாய் போட்டு மூடிவிட்டோம் என்று சரக்கைப் பக்கவாட்டில் பிதுங்க விடவும் கூடாது. பாடியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் 194ஆம் பிரிவில் 20,000 ரூபாய் அபராதம்.

கட்டும் முறைக்கு வருவோம். முன்பக்கத்தை முதலில் இறக்கிக் கட்டுங்கள். இரண்டு முன் மூலைகளிலும் மிஞ்சும் துணியைப் பின்னோக்கி மடித்துப் பக்கப் பாயோடு சேர்த்துக் கட்ட வேண்டும், மடிப்பின் வாய் கேபினைப் பார்த்து இருந்தால் காற்று அதற்குள் புகுந்து ஊதிவிடும். பிறகு இரு பக்கமும், கடைசியில் பின்பக்கமும். பின்பாய் நம்பர் பிளேட்டையும் பின் விளக்கையும் மறைக்கக் கூடாது. இரண்டு பாய் போட நேர்ந்தால் பின்னதை முதலில் விரித்து, முன்னதன் ஓரம் அதன்மேல் ஒன்றரை அடி ஏறும்படி போடுங்கள்.

வளையத்துக்கும் கொக்கிக்கும் நடுவில் சைக்கிள் டியூப் வெட்டிய ரப்பர் போட்டால் பள்ளத்தில் இறங்கும் அதிர்ச்சியை ரப்பர் வாங்கிக்கொள்ளும், வளையம் தப்பும். வெயிலில் வெடித்த ரப்பரை அவ்வப்போது மாற்றுங்கள். மேலே குறுக்காக ஓட்ட 8 மில்லிமீட்டர் கயிறு போதும். நைலான் நனைந்தால் நீளும், மழையில் கிளம்பினால் சிறிது தூரம் ஓடியதும் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். கம்பி, தகடு, பழைய இரும்பு ஏற்றினால் கூரான முனைகளில் சாக்கு மடித்து வைத்த பிறகே பாய் போடுங்கள், 650 ஜிஎஸ்எம் என்றாலும் கம்பி முனைக்குத் தெரியாது.

வி-கிராஸ், ஹைலக்ஸ் போன்ற, இரண்டு வரிசை இருக்கையுள்ள டபுள் கேப் பிக்கப் வண்டிக்கு விஷயம் வேறு. சுருட்டும் துணி மூடி மலிவு, ஆனால் கத்தியால் கீறிவிடலாம். மடக்கும் கெட்டி மூடி பூட்டும், உயரமான சரக்கு ஏற்றும்போது இடைஞ்சல். எதுவானாலும் தொட்டி விளிம்பில் துளை போடாமல் கிளாம்பில் பிடிக்கும் வகையை வாங்குங்கள், கடற்கரை ஓரத்தில் துளை போட்ட இடத்திலிருந்துதான் துரு கிளம்பும். மூலையில் தண்ணீர் வடியும் குழாயை மாதம் ஒரு தடவை ஊதிவிடுங்கள், கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி அதை அடைத்துவிடும்.

கிழிசலுக்கு ஒட்டு போடுவதும் துணியைப் பொறுத்ததே. பிவிசியில் இரு பக்கமும் உப்புத்தாள் தேய்த்து, கிழிசலைவிட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் பெரிதாக, மூலை வட்டமாக வெட்டிய துண்டைப் பிவிசி பசையால் ஒட்டினால் நிற்கும். நீலப் பாயில் சாதாரணப் பசை பிடிக்காது. அதற்கு இரு பக்கமும் தார்ப்பாய் டேப்தான். ஊசி நூல் எடுக்காதீர்கள், ஒவ்வொரு துளையும் ஒழுகும். ஈரத்தோடு மடித்து வைக்காதீர்கள். மீன் வாடை, தவிட்டு வாடை போகக் கழுவாமல் ஷெட்டில் போட்டால் எலி ஒரே இரவில் மடிப்பு முழுக்கத் துளைத்துவிடும், விரித்துப் பார்த்தால் வரிசையாகப் பத்து ஓட்டை.