பூட் பார்ட்டிஷன் நிரம்பிவிட்டதா? அழிப்பதற்கு முன் இதைப் பாருங்கள்

லினக்ஸில் கர்னல் (சிஸ்டத்தின் மையப் புரோகிராம்) அப்டேட் நடக்கும்போது டிஸ்கில் இடமில்லை என்று சொல்லி பாதியில் நின்றுவிட்டதா? உடனே ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். புதிய கர்னலுக்கான இனிட்ராம்எஃப்எஸ் ஃபைல் (பூட் ஆகும்போது கர்னலுக்கு முதலில் தேவைப்படுவது, /பூட்டில் இதன் பெயர் இனிட்ஆர்டி) அரைகுறையாக எழுதப்பட்டிருக்கலாம், அந்த நிலையில் மறுபடி பூட் ஆகாமல் போக வாய்ப்பு உண்டு. சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சரிசெய்துவிடுவது எவ்வளவோ மேல்.

டெர்மினலில் 'டிஎஃப் -ஹெச்' கொடுத்தால் மற்ற இடமெல்லாம் காலியாக இருந்தும் /பூட் (சிஸ்டம் தொடங்கத் தேவையான ஃபைல்கள் இருக்கும் இடம்) மட்டும் 100% என்று காட்டும். டிஸ்கை என்கிரிப்ட் செய்து உபுண்டு (ஒரு லினக்ஸ் வகை) போட்டவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம், ஏனென்றால் அங்கே /பூட் தனிப் பார்ட்டிஷன். புதிய கர்னல் பழையதன் மேல் எழுதாது, பக்கத்தில் வந்து உட்காரும்.

முதலில் 'யுனேம் -ஆர்' போட்டு, இப்போது ஓடும் கர்னல் எது என்று பாருங்கள். 6.8.0-45-ஜெனரிக் என்று வந்தால் அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அதன் பக்கமே போகக்கூடாது. அப்புறம், தேவையற்ற பழைய பேக்கேஜ்களை நீக்க 'சூடோ ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ்' கொடுங்கள். எதையெல்லாம் நீக்கப்போகிறது என்று அது காட்டும் பட்டியலை வாசித்துவிட்டு 'ஒய்' அழுத்துங்கள். பெரும்பாலும் இதோடு வேலை முடிந்துவிடும்.

ஏபிடியே (பேக்கேஜ்களைப் போடவும் நீக்கவும் உதவும் கருவி) எரர் காட்டி நின்றால்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். ஏபிடிக்கு அடியில் வேலை செய்யும் கருவியான டிபிகேஜியில், 'டிபிகேஜி -எல்' பட்டியலில் இருப்பதிலேயே பழைய கர்னலைத் தேடி, அதன் லினக்ஸ்-இமேஜ், லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா இரண்டையும் ஒரே வரியில் 'சூடோ டிபிகேஜி --பர்ஜ்' கொடுத்து நீக்குங்கள். இரண்டாவது முதலாவதை நம்பியிருப்பதால் முதலாவதை மட்டும் எடுக்க விடாது. அதற்கும் மசியவில்லை என்றால், அந்தப் பழைய கர்னலின் இனிட்ஆர்டி ஃபைலை மட்டும் ஹோம் ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு 'சூடோ ஏபிடி -எஃப் இன்ஸ்டால்' ஓட்டுங்கள், பிறகு அந்தக் கர்னலை முறைப்படி நீக்குங்கள். தயவுசெய்து /பூட்டுக்குள் போய் 'ஆர்எம்' போடாதீர்கள். ஃபைல் போய்விடும், ஆனால் அந்தக் கர்னல் இன்னும் இருக்கிறது என்றே டிபிகேஜி நினைத்துக்கொண்டிருக்கும், கிரப் மெனுவிலும் (தொடக்கத்தில் கர்னலைத் தேர்ந்தெடுக்கும் திரை) செத்த பெயர் நிற்கும்.

ஓடும் கர்னலோடு, முன்பு நன்றாக வேலை செய்த இன்னொரு கர்னலும் இருக்கட்டும், புதியது மக்கர் செய்தால் அதுதான் கைகொடுக்கும். கடைசியாக 'சூடோ அப்டேட்-கிரப்', மறுபடி 'டிஎஃப் -ஹெச்', புதிய கர்னலுக்கு இனிட்ஆர்டி ஃபைல் இருக்கிறதா என்று /பூட்டில் ஒரு பார்வை. இருந்தால் ரீஸ்டார்ட் செய்யலாம்.

ஃபெடோராவில் (இன்னொரு லினக்ஸ் வகை) இருப்பவர்கள், அங்கே ஏபிடியின் வேலையைச் செய்யும் டிஎன்எஃப்பின் கான்ஃபிக் ஃபைலில் 'இன்ஸ்டால்ஒன்லி_லிமிட்' என்பதை 3-லிருந்து 2 ஆக்கினால் போதும், அடுத்த அப்டேட்டிலிருந்து பழையது தானாகவே கழியும்.