மருந்தைக் கையில் எடுக்குமுன் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள்

போன வாரம் கீழக்கரையிலிருந்து சித்தி மகன் வாட்ஸ்அப்பில் ஒன்பது படம் அனுப்பியிருந்தான். மொட்டை மாடியில் அவன் புதிதாக வைத்திருக்கும் மிளகாய், கத்தரி, பீன்ஸ். (பீன்ஸை இந்த வெயிலில் வைத்தது தனிக் கதை.) எல்லா இலைக்கும் ஓரம் மட்டும் பழுப்பாகக் கருகிக் கிடந்தது. கீழே ஒரே வரி: "அக்கா, என்ன பூச்சின்னே தெரியல, மூணு மருந்து அடிச்சுட்டேன், நாலாவதா எதை வாங்கட்டும்?" படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தொட்டி விளிம்பில் சுண்ணாம்பு பூசினதுபோல் வெள்ளையாக ஒரு கோடு. எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பத்து வருடத்துக்கு முன் உச்சிப்புளிப் பக்கம் என் வீட்டுக் கொல்லையில் இதே கூத்தை இதே வரிசையில் நானும் ஆடியிருக்கிறேன்.

விதையை ஆழமாகப் புதைக்காதீர்கள், செடியை நெருக்கி வைக்காதீர்கள் என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது இரண்டு நாற்று செத்தால் தானாகவே புரிந்துவிடும். பணத்தையும் ஒரு விதைப்புப் பட்டத்தையும் சேர்த்து விழுங்குகிற தவறுகள் வேறு.

உப்பைப் பூச்சி என்று நினைப்பது

அந்த வருடம் பங்குனி மாதம். கொல்லையில் மிளகாய், கத்தரி, முள்ளங்கி எல்லாம் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தன. வீட்டில் புதிதாக ஆர்.ஓ. மிஷின் மாட்டினோம். அதிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீர் சும்மா சாக்கடைக்குப் போகிறதே என்று மனசு கேட்கவில்லை. தண்ணீருக்குக் குடத்தை வரிசை வைத்து வளர்ந்த ஆள் நான். ஒரு குழாயை இழுத்து நேராகப் பாத்தியில் விட்டுவிட்டேன். இவ்வளவு புத்திசாலித்தனமான வேலையை என் வாழ்நாளில் செய்ததில்லை என்று நினைப்பு வேறு.

மூன்று வாரத்தில் இலையோரம் கருகத் தொடங்கியது. மருந்துக் கடையில் ஒரு இலையைக் கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரர் இலையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் ஒரு பொடியும் ஒரு பாட்டிலும் எடுத்து வைத்தார். அடித்தேன். கருகல் நிற்கவில்லை. வேறொரு பாட்டில். அதுவும் நிற்கவில்லை. அதற்கு மேல் ஆளாளுக்குச் சொன்ன பூண்டுக் கரைசல், மோர்க் கரைசல், வேப்பெண்ணெய். ஏறக்குறைய 1,400 ரூபாய் போனது. அதைவிடக் கொடுமை, பந்தலில் பாகல் பூவைச் சுற்றிக்கொண்டிருந்த தேனீக்கள் காணாமல் போயின, பிஞ்சு பிடிப்பதும் நின்றது. இல்லாத பூச்சிக்கு மருந்தடித்து இருந்த பூச்சியை விரட்டியதுதான் மிச்சம்.

கடைசியில் பக்கத்து வீட்டு அப்பத்தா வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, குழாய்த் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து நாக்கில் வைத்துத் துப்பினார். "ஏத்தா, இதுல கருவாடு ஊறப்போடலாம், செடிக்கு விடுறியே." அவ்வளவுதான் பரிசோதனை.

கணக்கைப் பின்னால்தான் போட்டுப் பார்த்தேன். எங்கள் போர்த் தண்ணீர் அப்போது டி.டி.எஸ். மீட்டரில் (தண்ணீரில் கரைந்த உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் கருவி) 1,600 காட்டியது. மிஷினுக்குள் போகும் தண்ணீரில் பாதி நல்ல தண்ணீராக வெளியே வந்தால், உப்பு கிட்டத்தட்ட முழுவதும் மீதிப் பாதியோடு போகிறது. அதாவது 3,000-க்கும் மேல். பாசனத் தண்ணீருக்கு உலக உணவு வேளாண்மை அமைப்பு சொல்லும் பொதுவான அளவு, 450-க்குக் கீழே இருந்தால் பிரச்சினை இல்லை, 450-இலிருந்து 2,000 வரை பயிரைப் பார்த்துக் கவனமாக விடவேண்டும், 2,000-க்கு மேல் போனால் பெரும்பாலான காய்கறிக்குக் கடுமையான பாதிப்பு. நான் 3,000-ஐ தினமும் ஊற்றிக்கொண்டு பூச்சியைத் தேடியிருக்கிறேன்.

நம் ராமநாதபுரம் கடற்கரையில் இது ஏன் அடிக்கடி நடக்கிறது என்றால், மணலுக்கு அடியில் மழைத் தண்ணீர் கடல் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீர் மட்டம் ஓரடி இறங்கினால் அடியிலிருக்கும் உப்புத் தண்ணீர் நாற்பதடி வரை மேலே ஏறலாம் என்பது ஏட்டுக் கணக்கு. அந்தக் காலத்தில் மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மெல்ல மெல்லக் கோரி எடுத்தவர்கள் இந்தக் கணக்கைப் படித்தவர்கள் இல்லை, ஆனால் அடித் தண்ணீரைக் கலக்காமல் மேல் தண்ணீரை மட்டும் எடுத்தார்கள். நாம் மோட்டாரைப் போட்டு உறிஞ்சுகிறோம். அதனால் தை மாதம் நன்றாயிருந்த அதே போர் சித்திரையில் கரிக்கும். "போன வருஷம் இதே தண்ணிதான்க்கா விட்டேன்" என்று சொல்பவர்களுக்கு இதுதான் பதில்.

அடையாளம் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. உப்பு என்றால் முதிர்ந்த இலையில்தான் முதலில் தெரியும், நுனியும் ஓரமும் கருகும், நடு இலை பச்சையாகவே இருக்கும், பல வகைச் செடியிலும் ஒரே மாதிரி இருக்கும். மண்மேல் அல்லது தொட்டி விளிம்பில் வெள்ளை பூத்திருக்கும். பூச்சி என்றால் ஓட்டை, புள்ளி, சுருட்டல், பிசுபிசுப்பு, நூலாம்படை என்று ஏதாவது ஒரு தடயம் இருக்கும், பெரும்பாலும் இலையின் அடியிலோ கொழுந்திலோ. மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பூச்சி. செடியின் ஒரு பக்கம், அதுவும் கடலைப் பார்த்த பக்கம் மட்டும் கருகியிருந்தால் அது தண்ணீரும் இல்லை, கச்சான் காற்று கொண்டுவந்து அப்பிய உப்பு. அதற்கு மருந்து ஒரு ஓலைத் தட்டி.

சரி, உப்பேறிவிட்டது, என்ன செய்வது? தினமும் ஒரு செம்பு தெளிப்பதை முதலில் நிறுத்துங்கள். தண்ணீர் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். அதற்குப் பதில் கிடைக்கிற நல்ல தண்ணீரை, தொட்டியின் அடி ஓட்டை வழியாக நன்றாக ஒழுகும்வரை ஊற்றி உப்பைக் கழுவி இறக்குங்கள். உப்புத் தண்ணீரை இலைமேல் படவே விடாதீர்கள், வேரில் விடுங்கள். மண்ணைக் காய்ந்த ஓலை, தேங்காய் மட்டை எதையாவது போட்டு மூடுங்கள். தென்னை நார்த்தூள் வாங்கினால் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே தொட்டியில் போடுங்கள், அதிலேயே உப்பு இருக்கும். பயிரையும் பார்த்து வையுங்கள்: பீன்ஸ், முள்ளங்கி, வெங்காயம், கேரட் எல்லாம் உப்பைத் தாங்காது. கொத்தவரையும் தட்டைப்பயறும் ஓரளவு தாங்கும், பீட்ரூட்டும் அப்படித்தான்.

இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும். "நம்ம ஊர்லதானே குண்டு மிளகாய் விளையுது, 2023-இல் புவிசார் குறியீடுகூடக் கிடைச்சுதே, என் மாடியில மட்டும் ஏன் வரல?" புன்செய்க் காட்டில் விளையும் குண்டு மிளகாய் பெரும்பாலும் மானாவாரி. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து வடகிழக்குப் பருவமழையில் வளர்கிறது, அந்த மழை மண்ணையும் கழுவிவிடுகிறது. அது போர்த் தண்ணீரையே நம்பி நிற்கும் செடி இல்லை. உங்கள் தொட்டியையும் அந்தப் பட்டத்திலேயே தொடங்குங்கள், பாதித் தொல்லை குறையும்.

வேப்பெண்ணெயை உப்புத் தண்ணீரில் கலப்பது

இதுவும் அதே குடும்பம்தான். ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்பு என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. நம் போர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிந்த பால்போல் கட்டி கட்டியாகப் போகும். சோப்பு வேலை செய்யாவிட்டால் எண்ணெய் கரையாமல் மேலே மிதக்கும். தெளிப்பானின் குழாயோ அடியிலிருந்து உறிஞ்சும். ஆகவே முதல் பத்துச் செடிக்குப் போவது வெறும் தண்ணீர், கடைசி இரண்டு செடிக்குப் போவது வெறும் எண்ணெய். முன்னதில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி ஜாலியாக இருக்கும், பின்னதில் இலை வெந்துபோகும். "வேப்பெண்ணெய் கேக்கல" என்று சொல்கிறவர்களில் பலர் எண்ணெயை அடிக்கவே இல்லை. மழைத் தண்ணீரோ காவிரிக் குடிநீரோ ஒரு லிட்டர் எடுத்து வையுங்கள். இல்லையென்றால் பூந்திக்கொட்டையை இரவே ஊறவைத்துப் பிசைந்த தண்ணீரைச் சோப்புக்குப் பதிலாகச் சேருங்கள், கடினத் தண்ணீரிலும் நுரைக்கும். அடிக்கும்போது இடையிடையே குலுக்குங்கள்.

மதிய வெயிலில் தெளிப்பது

கூடாது. மாலை ஐந்துக்கு மேல்.

நல்ல புழுவை நசுக்குவது

அசுவினி அப்பிய அவரைக் கொடியில் குட்டி முதலை மாதிரி, கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு ஒன்று வேகமாக ஓடும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். நான் ஒரு பருவம் முழுக்க அதைத் தேடித் தேடி நசுக்கினேன். அது பொறிவண்டின் குஞ்சு, அசுவினியைத் தின்று கொண்டிருந்தது. கத்தரியில் பொறிவண்டு சாயலிலேயே 28 புள்ளியோடு மங்கலாக ஒரு வண்டு வரும், அதன் குஞ்சு மஞ்சளாக முள்ளோடு இருக்கும், இலையைச் சல்லடையாக அரித்துவைக்கும். அதை நசுக்குங்கள், நானே வந்து கை கொடுக்கிறேன்.

எறும்பை விட்டுவிட்டு மாவுப்பூச்சியோடு மல்லுக்கட்டுவது

செம்பருத்தியில் வெள்ளையாக அப்பியிருப்பதைக் கழுவுவீர்கள், நான்கு நாளில் திரும்ப வரும். தண்டில் ஏறி இறங்கும் எறும்பைப் பார்த்தீர்களா? மாவுப்பூச்சி விடும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும். 2008-இல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி தமிழ்நாடு முழுக்க ஆட்டம் போட்டபோது, 2010-இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட கடுகளவுகூட இல்லாத ஒரு குளவிதான் அதை அடக்கியது. மருந்து இல்லை. காவலுக்கு எறும்பு இருந்தால் அந்த மாதிரிக் குளவிகள் கிட்ட வர முடியாது. தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள், அல்லது தண்டில் ஒரு துணியைச் சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். அப்புறம் கழுவுங்கள்.

வெண்டையில் மஞ்சள் நரம்பு

வைரஸ். வெள்ளை ஈ பரப்புவது. பிடுங்கி எறியுங்கள், மருந்து தேடாதீர்கள்.

கருவாட்டுத் தூள் உரம்

உப்பு. அதோடு தெருவிலுள்ள எல்லாப் பூனையும்.

பூ உதிர்ந்தால் பதறுவது

கொடிக்காய்களில் முதலில் வருவது பெரும்பாலும் ஆண் பூ, பூத்து உதிர்வதுதான் அதன் வேலை. அதற்குப்போய் மருந்தடிக்கிறார்கள். பூவுக்குப் பின்னால் குட்டிக் காய் ஒட்டியிருந்தால்தான் பெண் பூ. தேனீ இல்லாவிட்டால் நீங்களே ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தடவலாம். பாகல், பூசணி என்றால் விடியற்காலையில். சுரைக்கும் பீர்க்கனுக்கும் சாயங்காலம், அவை அப்போதுதான் விரியும். எனக்கு இந்தத் தோட்டத்தில் பிடித்த நேரமே அதுதான். காற்று அடங்கி, தூரத்தில் ராமேசுவரம் ரயில் சத்தம் கேட்கும்போது வெள்ளைச் சுரைப்பூ ஒவ்வொன்றாக மலரும். அடுத்த வாரம் அதே இடத்தில் விரல் நீளத்துக்குப் பிஞ்சு நிற்கும். முதல் காயை யாருக்கும் கொடுக்காமல் நெத்திலிக் கருவாடு போட்டுக் குழம்பு வைத்துத் தின்றதை வெட்கமில்லாமல் சொல்லிக்கொள்கிறேன்.

தம்பிக்கு இதையெல்லாம் போனில் ஒரு மணி நேரம் சொன்னேன். பீன்ஸைப் பிடுங்கிவிட்டானாம், கத்தரியில் புதுக் கொழுந்து சுத்தமாக வருகிறதாம். நேற்று ராத்திரி மறுபடி ஒரு செய்தி: "அக்கா, கடற்கரையில பாசி நிறைய ஒதுங்கிக் கிடக்கு, செடிக்கு ரொம்ப நல்லதாமே, சாக்குல அள்ளிட்டு வந்து அப்படியே தொட்டியில போடட்டுமா?"

நாலு தண்ணீரில் அலசு, ஒரு மழைக்காலம் முழுக்க வெட்டவெளியில் கிடக்கட்டும், அப்புறம் ஒரு கைப்பிடியை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு எனக்குக் கூப்பிடு என்று பதில் போட்டிருக்கிறேன்.