மலை இறக்கத்தைத் தாங்கும் பிரேக்: வீட்டிலேயே செய்வதற்கான செய்முறை

மலேசியாவின் கெந்திங் மலையிலிருந்து குடும்பத்தோடு காரில் இறங்கும்போது பாதி வழியில் காந்தல் வாடை வருகிறதா? பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போகிறதா? உடனே பெரிய காலிப்பர் (பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும் பிடி) தேடி, பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் ஹாஃப் கட் கடைக்கு ஓட வேண்டாம். அந்த பிரேக்குக்கு வலு போதும். வெப்பத்தைத்தான் தாங்க முடியவில்லை.

கெந்திங் உச்சி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். ஆட்களோடு 1,300 கிலோ எடையுள்ள ஒரு கார் அங்கிருந்து 1,000 மீட்டர் உயரம் இறங்கினால், சுமார் 1.27 கோடி ஜூல் ஆற்றல் எங்காவது போய்ச் சேர வேண்டும். அதே காரை 100 கி.மீ. வேகத்தில் ஒருமுறை முழுதாக நிறுத்த 5 லட்சம் ஜூல்தான் ஆகும். கணக்குப் பார்த்தால் 25 முறை தொடர்ந்து நிறுத்துவதற்குச் சமம். கியரைக் குறைத்து இறங்கினால் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். ஆட்டோ கியரை 'டி'யிலேயே விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அத்தனையும் சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டான டிஸ்க்கில்தான் இறங்கும்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால், டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் பேட் சூடேறிப் பிடிப்பை இழந்துவிட்டது. பெடல் பஞ்சு போல் உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டிருக்கிறது. முன்னதற்குப் பேட் மாற்ற வேண்டும், பின்னதற்கு ஆயில் மாற்ற வேண்டும். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் ஆயில்தான் முதல் குற்றவாளி. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; கோலாலம்பூரின் புழுக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எதை வாங்குவது?

பிரேக் ஆயிலின் தரத்தை 'டாட்' எண்ணால் குறிப்பார்கள். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. டாட் 5.1 என்றால் 260, 180. சாதாரண ஓட்டத்துக்கு டாட் 4 தாராளம். ஒரு லிட்டர் வாங்குங்கள், சிறிய காருக்கு முழுதாக மாற்ற அது போதும். பெயர் ஒத்திருக்கிறதே என்று டாட் 5 வாங்கிவிடாதீர்கள். அது சிலிக்கோன், மற்றவற்றோடு கலக்காது. மூடி திறந்து பல மாதம் கிடந்த போத்தலையும் ஊற்றாதீர்கள்.

பேட் வாங்கும்போது வெப்பத்தைத் தாங்கும் தெரு ரகமாகப் பாருங்கள். பந்தய ரகம் வேண்டாம். அது சூடேறினால்தான் கடிக்கும். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி முதல் சிக்னலில் உங்களுக்குத் தேவைப்படும்போது வழுக்கும்.

டிஸ்க் அதே அளவில் புதியது போதும். பழையதைத் தொடர நினைத்தால், அதன் நடுப்பகுதியிலோ விளிம்பிலோ பொறித்திருக்கும் குறைந்தபட்ச கனத்தைப் பார்த்து மைக்ரோமீட்டரால் அளந்துகொள்ளுங்கள். துளையிட்ட டிஸ்க் அழகாகத்தான் இருக்கும், ஆனால் கடும் சூட்டில் துளையோரம் வெடிப்பு விடும் ஆபத்து உண்டு. அன்றாட ஓட்டத்துக்குத் துளையில்லாத டிஸ்க்கே நம்பகம்.

கையில் இருக்க வேண்டியவை: ஜேக், இரண்டு ஜேக் ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்), 12, 14, 17 எம்.எம். சாக்கெட், காலிப்பரில் காற்று எடுக்கும் சிறு திருகான நிப்பிளுக்கு 8 அல்லது 10 எம்.எம். ஸ்பேனர், சி-கிளாம்ப், கம்பித் தூரிகை, பிரேக் கிளீனர், பிரேக்குக்கான சிலிக்கோன் கிரீஸ், தெளிந்த பிளாஸ்டிக் குழாய், ஒரு பழைய போத்தல். கூடவே பெடல் மிதிக்க ஓர் ஆள்.

பேட்டும் டிஸ்க்கும்

சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் இழுத்து, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். சக்கர நட்டை வண்டி தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்துங்கள். தூக்கிய பின் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜேக்கை மட்டும் நம்பி எதையும் கழற்றக் கூடாது.

காலிப்பரின் கீழ் போல்டைக் கழற்றினாலே பல கார்களில் காலிப்பர் மேல்நோக்கித் திறந்துகொள்ளும். டிஸ்க்கும் மாற்றுவதால் இரண்டு போல்டையும் எடுத்து, காலிப்பரைக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். ரப்பர் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளே கிழியும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

அடுத்து, காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் பின்புறமுள்ள இரண்டு போல்டுகளைக் கழற்றுங்கள். டிஸ்க், சக்கரம் பொருந்தும் நடுப்பகுதியான ஹப்போடு ஒட்டிக்கொண்டு வராமல் போகலாம். சுத்தியலால் அடிக்கும் முன் டிஸ்க்கின் முகத்தைப் பாருங்கள்: பல ஜப்பானிய வகைக் கார்களில் மறையுள்ள இரண்டு சிறு துளைகள் இருக்கும். எம்8 போல்டு இரண்டை மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்கினால், 'டக்' என்ற சத்தத்தோடு தானாகவே விலகி வரும்.

இனி வருவதைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். ஹப் முகத்தில் செம்பழுப்பாகப் படிந்திருக்கும் துருவைக் கம்பித் தூரிகையால் உலோகம் பளிச்சென்று தெரியும் வரை தேயுங்கள். கடுகளவு துரு இருந்தாலும் புது டிஸ்க் சாய்வாக உட்காரும். பல கார்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஆட்டமே 0.05 மி.மீ. அளவுதான். சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து ஸ்டேரிங் உதறும்போது, 'டிஸ்க் வளைந்துவிட்டது' என்று இன்னொரு ஜோடி வாங்க வைப்பது பல நேரம் இந்தத் துருதான்.

புது டிஸ்க்கில் பூசியிருக்கும் எண்ணெயைக் கிளீனரால் துடையுங்கள். காலிப்பர் நகர்ந்து செல்லும் ஸ்லைட் பின்னை வெளியே இழுத்துப் பழைய கிரீஸைத் துடைத்து, சிலிக்கோன் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். விரலால் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும். அது இறுகினால் ஒரு பக்கப் பேட் மட்டும் தேயும்.

பேட்டைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டனை சி-கிளாம்பால் மெதுவாக உள்ளே தள்ளும்போது, நிப்பிளில் குழாய் மாட்டிச் சற்றே திறந்துவைத்தால் பழைய அழுக்கு ஆயில் ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) பக்கம் திரும்பாமல் வெளியே வந்துவிடும். பிஸ்டன் உட்கார்ந்ததும் நிப்பிளை மூடுங்கள். ஆயில் பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். தேய்மானம் காட்டும் தகடு உள்ள பேட் பழைய ஜோடியில் எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் போக வேண்டும்.

எல்லா போல்டையும் உங்கள் கார் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

ஆயில் மாற்றுதல்

தொட்டியில் உள்ள கறுத்த ஆயிலை உறிஞ்சி எடுத்துப் புதியதை நிரப்புங்கள். வரிசை கையேட்டில் இருக்கும். பொதுவாக, பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரம் முதலில். வலப்பக்க ஸ்டேரிங் உள்ள நம் கார்களில் அது பெரும்பாலும் பின் இடது.

குழாயின் மறுமுனையை ஆயில் உள்ள போத்தலில் மூழ்க வையுங்கள். "அமுக்கு" என்றால் உதவியாள் பெடலை மிதிக்க வேண்டும், "பிடி" என்றால் அப்படியே வைத்திருக்க வேண்டும். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று திறந்து, ஆயில் வந்ததும் மூடிய பிறகுதான் "விடு" சொல்ல வேண்டும். மூடும் முன் காலை எடுத்தால் காற்று உள்ளே போகும். ஆயில் தேன் நிறத்தில், குமிழியின்றி வரும் வரை இதையே செய்யுங்கள். ஐந்தாறு முறைக்கு ஒருமுறை தொட்டியைப் பாருங்கள். அது வற்றினால் எல்லாம் முதலிலிருந்து, ஏ.பி.எஸ். யூனிட்டுக்குள் காற்று புகுந்தால் ஸ்கேனர் இல்லாமல் எடுப்பது கடினம், ஃபோர்மெனிடம்தான் போக வேண்டும்.

வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதியுங்கள். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதி தரைவரை போகும். இதை மறந்து ரிவர்ஸ் எடுத்தவர்களின் வண்டி சுவரில்தான் நின்றிருக்கிறது.

பழக்குதல்

புதுப் பேட்டும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும். ஞாயிறு விடியற்காலை, ஆளில்லாத தொழிற்பேட்டைச் சாலை வசதி. 60 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை, மிதமான அழுத்தத்தில் பத்து முறை. முழுதாக நிறுத்தாதீர்கள். சூடான பேட் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் அங்கே அச்சு விழும், பிறகு உதறல் வரும். முடிந்ததும் பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். லேசான வாடை இயல்பு. மழைக்கு மறுநாள் காலையில் முதல் மிதிக்குக் கரகரப்பதும் மேல்துருதான், இரண்டு மிதியில் போய்விடும்.

பின்சக்கர டிரம்மை டிஸ்க்காக மாற்றுவதும் பெரிய காலிப்பர் போடுவதும் தொடக்க வேலை அல்ல. காலிப்பர் பிஸ்டன் பெரிதானால் அதே மாஸ்டர் சிலிண்டரில் பெடல் இன்னும் ஆழமாகப் போகும், முன்-பின் சமநிலை கெடும், ரிம் இடிக்கும். செய்வதாக இருந்தால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதியையும் காப்புறுதியையும் முதலில் விசாரியுங்கள். அந்தப் பணம் இருந்தால் நல்ல டயர் நாலு போடுங்கள். சக்கரம் பூட்டும் அளவுக்கு பிரேக் ஏற்கெனவே கடிக்கிறது என்றால், நிறுத்தும் தூரத்தைக் குறைப்பது டயர்தான்.

50 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டை மறுபடி டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். நிப்பிள்களைச் சுற்றிக் கசிவு இருக்கிறதா என்று வெள்ளைத் தாளால் ஒற்றிப் பாருங்கள்.