அகத்தியர் கமண்டலத்துக்கு ஒரு ஹைட்ரோ டெஸ்ட்

மணலியில் பைப் ஃபிட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தண்டையார்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் தெருப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வேன். இப்போது ஓடுவது அகத்தியர் விண்கலத்தில் போகிற கதை. போகிற இடம் அகத்திய நட்சத்திரம். பிப்ரவரியில் ஒன்பது மணி வாக்கில் தெற்கே தாழ்வாகத் தெரியும், கை நீட்டிக் காட்டலாம். கமண்டலத்துக்குள் ஒரு கடல். பிள்ளைகள் அதற்கு வைத்த பேர் ‘அமுக்குத் தண்ணி’. நீங்களும் இப்படி ஒன்றைக் கதையில் கட்ட நினைத்தால், நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் மருந்துக் கடையில் ஒரு சிரிஞ்சு வாங்குங்கள், ஊசி வேண்டாம். காற்றை இழுத்து, முனையை விரலால் அடைத்து அழுத்தினால் உள்ளே போகும். தண்ணீரை இழுத்து அழுத்துங்கள், அசையாது. கேட்கிறவன் கையில் அதைக் கொடுத்துவிட்டுக் கதையை ஆரம்பியுங்கள்.

பைப் அழுத்தம் தாங்குமா என்று தண்ணீரை வைத்துப் பார்க்கும் ஹைட்ரோ டெஸ்ட் வேலையில் நாங்கள் தினமும் பார்ப்பதுதான் இது. லைன் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, மேலே வென்டைத் திறந்து காற்றை விரட்டிவிட்டு, கைப்பம்பு அடிப்போம். காற்று மிச்சமிருந்தால் கைப்பிடி மெத்தையில் குத்துவது மாதிரி இருக்கும், அழுத்தம் காட்டும் கேஜ் முள் சோம்பேறியாக ஏறும். காற்று போய்விட்டால் நாலு அடியில் முள் எகிறும். ஒருமுறை ஒரு சின்ன லைனில், பைப் இணைப்பில் கசியாமல் வைக்கும் கேஸ்கெட் பிய்ந்தது. பெரிதாக வெடிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். சட்டையில் தெறித்தது அரை டம்ளர் தண்ணீர், முள் பூஜ்யத்தில் நின்றது. உள்ளே அமுக்கிய காற்று இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். தண்ணீரில் டெஸ்ட் செய்வதே அதற்காகத்தான்.

அப்புறம் கணக்கு. 1,000 லிட்டர் தண்ணீரை 100 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்றால் நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம் அளவு) வைத்தால் ஐந்து லிட்டர் அளவுக்குக்கூட இடம் குறையாது. மரியானா அகழியில் 11 கிலோமீட்டர் ஆழத்திலேயே தண்ணீர் சுமார் 5 சதவீதம்தான் நெருங்கியிருக்கும். 10,000 பார் பக்கம் போனால் சாதாரணச் சூட்டிலேயே கட்டியாகிவிடும். இன்னும் அழுத்தினால் ‘ஐஸ் 7’ என்று வேறொரு கட்டி. பூமிக்கு அடியிலிருந்து வந்த வைரங்களுக்குள் அது சிக்கியிருந்ததை 2018இல் கண்டுபிடித்தார்கள். ஆகவே என் கமண்டலத்துக்கு உட்சுவர் வைரம். இத்தனை செய்தும் தண்ணீர் பாதியாகக்கூடச் சுருங்காது. மீதிக்கு மந்திரம்தான். சரி, போடுங்கள், ஆனால் ஒரே ஒரு மந்திரம். இடம் குறையட்டும், எடையில் கை வைக்காதீர்கள்.

இங்கேதான் கோட்டை விடுவோம். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் ரயிலில் வந்ததே, அதை ஒரு சொம்பில் அடைத்தாலும் இன்ஜின் இழுக்க வேண்டியது 2,500 டன்தான். இதைச் சொன்னபோது, மூன்று மாடி குடம் சுமந்த எங்கம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், “குட்டியா இருந்தா இன்னாடா, தூக்கறது நான்தானே?” என்றார்.

விண்வெளியில் பாரம் தெரியாது. ஆனால் லேசில் நகராது, நகர்ந்தால் நிற்காது. என் கதையில் கமண்டலம் ஆமை வேகத்தில் மிதந்து வருகிறது, சீடன் ஒரு கையால் நிறுத்தப் பார்க்கிறான், கை சுவரோடு நசுங்குகிறது. மாடியில் அன்றைக்குச் சத்தமே இல்லை.

காக்கையிலும் ஒரு சிக்கல் உண்டு. புராணத்தில் விநாயகர் காக்கையாக வந்து கமண்டலத்தைக் கவிழ்த்துவிட, காவிரி ஓடுகிறது. எடையில்லாத இடத்தில் கவிழ்த்து என்ன பிரயோஜனம்? சொட்டு விழாது. அதனால் என் காக்கை வால்வைக் கொத்தித் திறக்கிறது. கப்பலுக்கு வெளியே காற்றில்லாத வெளி, அங்கே தண்ணீர் கொதித்துக்கொண்டே உறையும். காவிரியை அப்படி ஓடவிட்டுப் பாருங்கள்.

தண்ணீர் யாருக்கு முதலில் என்பதையும் முன்னாலேயே முடிவு பண்ணிவிடுங்கள். நான் பண்ணவில்லை. எதிர்வீட்டுப் பெண் கையைத் தூக்கி, “அண்ணா, கப்பல்ல எத்தினி குடும்பம்? குடத்துக்கு டோக்கன் உண்டா?” என்று கேட்டுவிட்டாள். நாற்பது குடும்பம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் நாற்பது குடும்பத்துக்கும் வரிசை போட வேண்டும்.