மொக்கை: எங்கே சொல்லலாம், எங்கே கூடாது

மொக்கை என்றால் போர் அடிப்பது என்று மட்டும் புரிந்துவைத்துக்கொண்டு பேசினால் பாதி இடத்தில் தப்பாகத்தான் வரும். எனக்கு இந்தச் சொல் சரியாகப் பிடிபட்டது கடலூர் முதுநகரில் ஒரு மீன் கடையில். சங்கரா வெட்டிக்கொண்டிருந்த அக்கா, தோல் அறுபடாமல் இழுபட்டுக்கொண்டே வரவும் கையை நிறுத்திவிட்டு, "அருவாமனை மொக்கையாப் போச்சு தம்பி, சாணை புடிக்கணும்" என்றார். அவ்வளவுதான் இந்தச் சொல்லின் முதல் அர்த்தம், கூர் மழுங்கியது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியிலும் இந்தப் பொருள் இருக்கிறது, அதனால் காலேஜ் பசங்க கண்டுபிடித்த சொல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முந்தைய தலைமுறை அறுவை என்றது, கழுத்தறுப்பு என்றது, ரம்பம், பிளேடு என்றெல்லாம் சொன்னது. சலிப்புக்கு நம்மிடம் இருக்கும் சொற்களில் இத்தனை வெட்டுகிற சாமான்கள்! மழுங்கின கத்திதான் ரொம்ப நேரம் அறுக்கும், வலியும் அதில்தான் அதிகம்.

சரி, எப்படிப் பயன்படுத்துவது? கூராக இருந்திருக்க வேண்டியது மழுங்கிப்போனதா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். சிரிக்கவைக்க வேண்டிய ஜோக் சிரிக்கவைக்கவில்லையா, மொக்கை ஜோக். லீவு கேட்கச் சொன்ன காரணம் யாரும் நம்புகிற மாதிரி இல்லையா, மொக்கை காரணம். புயல் வருகிறது என்று நாலு நாள் பயமுறுத்திவிட்டு வெறும் தூறலோடு போனால் அது மொக்கைப் புயல். ஆனால் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்த தானே புயலை, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்த ஒருத்தரும் அப்படிச் சொல்ல மாட்டார். மோசமானது வேறு, மொக்கை வேறு. ஊசிப்போன சாம்பார் மொக்கை இல்லை, கெட்டுப்போனது.

அழுத்திச் சொல்ல முன்னால் செம அல்லது மரண சேர்த்தால் போதும்.

நிறையப் பேர் தடுமாறுவது வினைச்சொல்லில்தான். மொக்கை போடுவது என்றால் சவசவ என்று பேசி எதிரில் இருப்பவரை வதைப்பது. அப்படியானால் கேட்டுக்கொண்டிருந்தவர் மொக்கை வாங்கினார் என்று சொல்லிவிடாதீர்கள். மொக்கை வாங்குவது என்றால் கெத்தாக ஏதோ செய்யப்போய் நாலு பேர் முன்னால் முகம் சுருங்கித் திரும்புவது, பல்பு வாங்குவது என்கிறோமே, அதேதான். கேட்டு நொந்தவர் "மொக்கை தாங்கல" என்பார்.

ஒருத்தர் உருவத்தைப் பார்த்து இதைச் சொல்லாதீர்கள், அது நிஜமாகவே வலிக்கும். படத்தைச் சொல்லலாம், பேச்சைச் சொல்லலாம், அதுவும் நெருக்கமானவர்களிடம். அப்பா வயதுக்காரர்களிடம் என்றால் அறுவை என்று சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள்.